ஆமைக்கு ஆகாத சாப்பாடு

மேனகாவின் கணவர் கதிர்காமநாதன் வெறும் வயிற்றோடு செத்துப்போனார். இதைச் சொன்னது அக்கம்பக்கத்தார் அல்ல, பிரேதப் பரிசோதனை அறிக்கை. இதயத்துக்கும் ஈரலுக்கும் நாலைந்து வரி எழுதிய வைத்தியர், இரைப்பைக்கு மட்டும் ஒரே சொல் எழுதியிருந்தார்: காலி. மற்றதெல்லாம் மேனகாவுக்கு மறந்துவிட்டது. அந்த ஒரு சொல் மட்டும் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

அன்று காலை நடந்தது பெரிய சண்டையுமல்ல. வெள்ளவத்தையில் காலி நகருக்குப் போகும் வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடிக் கட்டடத்தின் கீழ்வீடு அவர்களுடையது. பிட்டுக்கு அவித்த மாவை அரித்து, ஆறட்டும் என்று குசினி நிலத்தில் பேப்பர் விரித்துப் பரப்பியிருந்தாள் மேனகா. அதன் நடுவால் ஆமை நடந்துபோனது. அவசரம் ஒன்றும் இல்லாமல், இந்தப் பக்கத்தால் ஏறி அந்தப் பக்கத்தால் இறங்கியது.

அந்த ஆமை அவருடைய செல்லப்பிள்ளை. பிள்ளைகள் இல்லாத வீட்டில் பதினொரு வருடமாக அது பிள்ளை. முதுகில் மஞ்சள் நட்சத்திரக் கோடுகள். புத்தளத்துக் கட்சிக்காரர் ஒருவர் வழக்கு வென்ற சந்தோஷத்தில் கொண்டுவந்து கொடுத்தது. கதிர்காமநாதன் புதுக்கடை நீதிமன்றத்தடியில் ஒரு வழக்கறிஞரிடம் முப்பது வருடம் கிளாக்கராக இருந்தவர். அதற்கு ‘அப்புக்காத்து’ என்று பேர் வைத்தார். பழைய ஆட்கள் வழக்கறிஞரை அப்படித்தான் சொல்வார்கள். கரைச்சல் வந்தால் தலையை உள்ளுக்கு இழுக்கும், கரைச்சல் போனதும் ஒன்றும் நடக்காத மாதிரி வெளியே நீட்டும், இதைவிடப் பொருத்தமான பேர் கிடையாது என்பார்.

மாவைப் பார்த்துவிட்டு மேனகா சொன்னாள், “இண்டைக்குப் பிட்டு இல்லை. உங்கட அப்புக்காத்தோட இருந்து இலை தின்னுங்கோ.”

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகம் கொடுக்கவில்லை. “சரி, நான் வெளிக்கிடுறன்” என்றார். அவள் “ஓம்” என்றுகூடச் சொல்லவில்லை. பத்தரை மணிக்குச் சந்தைக்குப் பக்கத்து பஸ் ஹோல்டில் பஸ்ஸுக்கு நின்றவர் விழுந்தார், பிறகு எழும்பவில்லை. சலரோகக்காரன், நேரத்துக்குச் சாப்பிட வேண்டிய மனிசன்.

செத்தவீட்டுச் சனத்துக்காக மூன்று நாள் கேற் திறந்தே கிடந்தது. எல்லாம் முடிந்து வீட்டைக் கூட்டும்போதுதான் ஆமையைக் காணவில்லை என்று தெரிந்தது. ஒழுங்கை நாய்கள் இழுத்துக்கொண்டு போயிருக்கும், இல்லாவிட்டால் யாராவது தூக்கியிருப்பார்கள் என்றார்கள். மேனகாவுக்கு அதைத் தேடும் மனமில்லை. உண்மையைச் சொன்னால், போய்த் தொலையட்டும் என்றுதான் இருந்தது.

எட்டாம் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த கொழுந்தன் யோகராஜ் படையலுக்கு எல்லா ஒழுங்கும் செய்தான். எட்டுச் செலவு என்கிற அந்தச் சடங்கில் செத்தவருக்குப் பிடித்தது எல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் நிலத்தில் வாழையிலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்பது வழக்கம். அவர் வந்து சாப்பிடுகிற நேரம் அது. யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. சமைக்கும்போது ருசி பார்க்கவும் கூடாது. முதல் வாய் அவருடையது.

கதிர்காமநாதனின் படம் சின்ன அறையில் இருந்தது. அது அவருடைய அறை. ஒரு பழைய அலுமாரி, அதன் கீழும் பக்கத்திலும் கட்டுக்கட்டாக வழக்குக் கோப்புகள், ஒரு சாய்மனைக் கதிரை. ஜன்னலுக்கு வலை அடித்திருந்தது. பூனை புக வழியில்லை, காகம் வர வழியில்லை.

முக்கால் மணித்தியாலம் கழித்து யோகராஜ் கதவைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றான். பசளிக்கீரை முழுக்கக் காலி. தக்காளிச் சம்பலில் பாதி காலி. சோற்றில் யாரோ கையால் கிண்டியது போல ஒரு பள்ளம். மீன் பொரியலும் ஆட்டிறைச்சியும் வைத்தபடி இருந்தன.

“அண்ணா வந்திட்டுப் போயிருக்கிறார்” என்றான் யோகராஜ்.

மேல்வீட்டு மெற்றில்டா கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். ஆறுதலுக்கு வந்து நின்றவள் சிலுவை போட்டுக்கொண்டாள். “எங்களுக்கு இதிலயெல்லாம் நம்பிக்கை இல்ல மேனகா. ஆனா நான் பாத்தன்” என்றாள்.

“எலியாக்கும்” என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். எந்த எலி மீன் பொரியலை விட்டுவிட்டுக் கீரை தின்னும் என்று மேனகா கேட்டாள். மரக்கறி சாப்பிடச் சொல்லி டொக்டர் அவரிடம் கெஞ்சாத குறை. உயிரோடு இருந்தபோது கேட்காத மனிசன் இப்போது கேட்கிறார் என்றாள். சொல்லிவிட்டு, எட்டு நாளில் முதல் தடவையாக அழுதாள். அவர் தன் கையால் சாப்பிட்டுவிட்டார். அந்த வயிறு இனிக் காலியில்லை.

அடுத்த நாளும் படைத்தாள். அதற்கடுத்த நாளும் படைத்தாள். வாழையிலைக்குப் பதில் அவருடைய எவர்சில்வர் தட்டை வைத்தாள். மீனையும் இறைச்சியையும் நிறுத்தி, பசளியும் பீற்றூட் இலைச் சுண்டலும் முட்டைக்கோவாச் சுண்டலும் பருப்பும் தக்காளியும் வைத்தாள். ஒவ்வொரு மத்தியானமும் கதவைச் சாத்திவிட்டு, வெளியே நிலத்தில் முதுகைச் சாய்த்து உட்காருவாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே நிலத்தில் எதுவோ உரஞ்சும். சரக்... சரக்... பிறகு தட்டு மெல்ல நகரும். அவளுக்கு மயிர் கூச்செறியும். பயம்தான், இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பயத்தை விட்டு எழும்ப அவளுக்கு மனம் வராது.

ஒருநாள் கதவோடு வாயை வைத்துக் கேட்டாள். “இஞ்சாருங்கோ, என்னில கோவமோ?”

உள்ளே ஒன்றுமில்லை.

“கோவமில்லையெண்டா இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கோ.”

தட்டு நகர்ந்தது. சீமெந்து நிலத்தில் எவர்சில்வர் உரசிய அந்தச் சின்னச் சத்தத்தை வைத்துக்கொண்டு மேனகா ஒரு மாதம் உயிர் வாழ்ந்தாள். பகல் பன்னிரண்டு மணிக்கு வீதியில் சனம் போகும், கடற்கரைப் பாதையில் ரயில் கூவும், மேல்வீட்டில் மெற்றில்டாவின் மிக்ஸி சுற்றும். இத்தனைக்கும் நடுவில் ஒரு செத்த மனிசன் உள்ளே இருந்து சாப்பிடுவான். அவள் தலை வாரிப் பொட்டு வைத்து, நல்ல சேலையாகப் பார்த்து உடுத்துக்கொண்டு வெளியே காத்திருப்பாள். அறையைக் கூட்ட யாரையும் விடவில்லை. அவர் இருக்கிற இடத்தில் விளக்குமாறு படுவதா? அங்கே மணம் ஒன்று வரத் தொடங்கியபோது ஊதுபத்தியைக் கூட்டினாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடித்த ஐயர், ஆத்மா இனிப் போக வேண்டும், தினப் படையலை நிறுத்துங்கள் என்றார். மேனகா தலையாட்டினாள். நிறுத்தவில்லை. யோகராஜ் ஊரிலிருந்து தொலைபேசியில் ஏசினான். அதற்கும் “ஓம், ஓம்” என்றாள். லீவு முடிந்து புடைவைக் கடைக் காசாளர் வேலைக்குத் திரும்பியபோது, காலையில் படைத்துப் பூட்டிவிட்டுப் போகத் தொடங்கினாள். ஞாயிறுகளில் மட்டும் கதவடியில் காத்திருப்பாள். தட்டில் மிஞ்சுவதை அந்தியில் கடலில் போடுவாள். தான் ஒரு வாயும் தொடமாட்டாள்.

நாற்பதாம் நாள் தாண்டியதும் சாப்பாடு குறையத் தொடங்கியது. கீரை பாதி மிஞ்சியது. பிறகு முக்கால்வாசி மிஞ்சியது. ஞாயிறுகளில் தட்டு ஒருதரம் உரசும், நின்றுவிடும். மேனகாவுக்குச் சோறு இறங்கவில்லை. போகிறாரா, இல்லை மறுபடி கோபமா? சலரோகத்துக்காக அவரைத் தொடவிடாதவற்றையெல்லாம் செய்யத் தொடங்கினாள். பாயசம் வைத்தாள். வாழைப்பழமும் மாம்பழமும் வெட்டி வைத்தாள். அவருக்கு உயிரான வெண்ணெய்ப்பழத்தைச் சீனியோடு பிசைந்து, கிண்ணம் நிறைய வைத்தாள்.

ஐம்பத்து நாலாம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கதவடியில் இருந்தவளுக்கு உள்ளே புதிதாக ஒரு சத்தம் கேட்டது. மூக்கடைத்த ஆள் நித்திரையில் மூச்சு இழுப்பது போல, ஒரு சீழ்க்கை. இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. இப்படித்தான் பஸ் ஹோல்டில் மூச்சு விட்டிருப்பாரோ என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் வழக்கமெல்லாம் பறந்துவிட்டது. எழும்பிக் கதவைத் திறந்தாள்.

தட்டுக்குப் பக்கத்தில் அப்புக்காத்து கிடந்தது. முகம் முழுக்க வெண்ணெய்ப்பழம். கண்கள் குழிவிழுந்து ஒட்டியிருந்தன. வாயோரம் நுரை. அலுமாரிக்குக் கீழே கோப்புக் கட்டுகளுக்கு நடுவில், அது செத்தவீட்டுச் சனத்துக்குப் பயந்து போய் ஒளித்த குகை தெரிந்தது. சுற்றிலும் ஐம்பத்து நாலு நாள் எச்சம்.

மேனகா அலறவில்லை. சாய்மனைக் கதிரையின் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். கோபமில்லையென்றால் சாப்பிடுங்கள் என்று கேட்டதற்குத் தட்டை நகர்த்தியது இதுவா? பொட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தது இதற்கா? அவளுக்குக் கிடைத்த மன்னிப்பை ஒவ்வொரு மத்தியானமும் இது தின்று, அங்கே கழித்தும் வைத்திருக்கிறது. சாகட்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு நில்லாமல் எழும்பி வெளியே வந்து கதவையும் சாத்தினாள்.

கதவுக்குப் பின்னால் சீழ்க்கை கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு மணித்தியாலம் அவளால் தாங்க முடிந்தது. அதற்குப் பிறகு அதைப் பழைய துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு மேல்வீட்டுக்கு ஏறினாள்.

மெற்றில்டா பார்த்தாள். எட்டாம் நாள் தான் போட்ட சிலுவை அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு செருப்பைத் தேடினாள். “கொட்டாஞ்சேனையில ஷிஹான் எண்டு ஒரு மிருக டொக்டர் இருக்கிறார். ஞாயித்துக்கிழமையும் பாப்பார். வாங்க மேனகா, போவம்.”

ஓட்டோவில் போகும் வழியெல்லாம் மேனகா துவாயைப் பார்க்கவேயில்லை.

ஷிஹானுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், தாடி வைத்த அமைதியான ஆள். ஆமையைத் திருப்பிப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், தராசில் வைத்தார்.

“என்ன சாப்பாடு குடுத்த?”

மேனகா சொல்லத் தொடங்கினாள். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்பவள் மாதிரி இருந்தது என்று மெற்றில்டா பிறகு சொன்னாள். பசளிக்கீரை என்றாள். பீற்றூட் இலை என்றாள். ஷிஹான் எழுதுவதை நிறுத்தினார்.

“ரெண்டும் ஒருநாள் கொஞ்சம் திண்டாப் பரவால்ல. தினமும் குடுத்தா கல்சியம் உடம்புல சேர விடாது. ஓடு மெத்தெண்டு போகும். இன்னும் என்ன?”

“கோவா. தக்காளி. வெங்காயம் போட்ட சுண்டல்.”

“கோவா எப்பவாச்சும் சரி. தக்காளி, பழம் எல்லாம் வயித்தக் கலக்கும். வெங்காயம் வேண்டவே வேணாம்.”

“சோறும் பருப்பும். பாயசம். வெண்ணெய்ப்பழம்.”

“வெண்ணெய்ப்பழம் இதுக்கு நஞ்சு, அக்கா.” அவர் கோபிக்கவில்லை. அதுதான் மேனகாவுக்கு இன்னும் வலித்தது. “எல்லாம் சமைச்சதா? உப்புப் போட்டா? சிறுநீரகம் அடிபட்டிருக்கு, கண் அப்பிடிக் குழி விழுந்தது அதாலதான். உப்பு எவ்வளவு போட்ட?”

“தெரியாது.”

“தெரியாதெண்டா?”

“படையலுக்குச் சமைச்சது. ருசி பாக்கக் கூடாது.”

ஷிஹான் அவளைப் பார்த்தார், மெற்றில்டாவைப் பார்த்தார். ஆமைக்குத் தோலுக்கடியில் நீர் ஏற்றினார். ஒரு தாளில் எழுதியபடி சொன்னார்: செவ்வரத்தை இலையும் பூவும், மருந்தடிக்காத புல், வல்லாரை, முசுக்கட்டை இலை. முருங்கை இலை ஒரு பிடி. கிழமைக்கு ஒருக்காப் பூசணித் துண்டு. எல்லாம் பச்சையாக. காலையில் இளஞ்சூட்டு நீரில் கால் மணித்தியாலம் நிற்கவிட வேண்டும். இந்த இனத்தை வீட்டில் வைத்திருப்பது சட்டத்துக்குப் புறம்பு என்பதையும் சொன்னார். உயிர் தப்பினால் வனஜீவிக் காரியாலயத்துக்கு அறிவிக்க வேண்டும், முதலில் தப்பட்டும் என்றார்.

“ஒண்டு சொல்றன், கேளுங்க. சமைச்ச சாப்பாட்டு ருசி பிடிச்சிட்டுது. இனி இலையைத் தொடாது. பழைய சாப்பாட்டக் கேட்டு நிக்கும். மனம் இளகிக் குடுத்தா முடிஞ்சிது. பசி வந்தாத்தான் இலையைக் கடிக்கும். பட்டினியா விட உங்களால ஏலுமா?”

மேனகா, “அது எனக்கு ஏலும்” என்றாள். மெற்றில்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏலவில்லை. வேலைக்கு லீவு போட்டாள். சின்ன அறையைக் கழுவிப் பூட்டினாள். ஆமையைக் குசினியில் விட்டு, அதன் முன்னால் செவ்வரத்தை இலையைக் குவித்தாள். அது இலையில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. சரியாக மத்தியானத்துக்குச் சின்ன அறைக் கதவடிக்குப் போய், முன்காலால் கதவைச் சுரண்டத் தொடங்கியது. சரக்... சரக்... இத்தனை நாளும் உள்ளேயிருந்து கேட்ட அதே சத்தம், இப்போது வெளியே. மேனகா காதைப் பொத்தினாள். முதல் நாள் ஒரு மணித்தியாலம் சுரண்டியது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அப்படித்தான். நாலாம் நாள் சுரண்டலில் பலமில்லை. அவள் நித்திரையில்லாத கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தரை ஒரு நேரம் பட்டினி போட்டதற்கு இந்தப் பாடு. இதையும் பட்டினி போட்டு அனுப்பினால் பிறகு அவள் எங்கே போய் முழிப்பாள்?

ஐந்தாம் நாள் காலை உலையை வைத்தாள். பசளியை நறுக்கினாள், பருப்பைக் கடைந்தாள், தக்காளியை வதக்கினாள். டொக்டர் கிடக்கட்டும், சாகிறதாவது வயிறு நிறைந்து சாகட்டும் என்று முடிவு செய்துவிட்டாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. தட்டில் போட்டுக்கொண்டு சின்ன அறைக் கதவடிக்கு வந்தாள். ஆமை தட்டின் மணத்துக்குத் தலையை நீட்டியது.

குனிந்து வைக்கப் போனவளுக்கு ஷிஹான் கேட்டது நினைவுக்கு வந்தது. உப்பு எவ்வளவு போட்ட?

தட்டிலிருந்து ஒரு பிடி கீரைச் சோற்றை எடுத்து வாயில் வைத்தாள்.

கடல் தண்ணீர். அடுப்பில் ஏற்றும்போது ஒருதரம், இறக்கும்போது அதை மறந்து இன்னொரு தரம் அவள் கை உப்புப் போட்டிருக்கிறது. பருப்பைத் தொட்டுப் பார்த்தாள், அதுவும் அப்படி. இன்று மட்டுமில்லை. எட்டாம் நாளிலிருந்து நிதானமில்லாத இந்தக் கைதான் சமைத்தது, யாரும் ருசி பார்க்காமல். இருபத்தாறு வருடக் கலியாணத்தில், கறியில் உப்பு ஒரு கல் கூடினால் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, “கடற்கரை பக்கத்திலதானே இருக்கு, வீட்டுக்குள்ள எதுக்கு?” என்று கேட்கிற மனிசன் அவர். இதை அவர் ஒரு வாய் வைத்திருந்தால் செத்ததையும் மறந்து சத்தம் போட்டிருப்பார். தெருமுனை வரை கேட்டிருக்கும்.

ஆமை சாப்பிட்டது என்று கண்ணால் பார்த்த பிறகும், ஒருநாளாவது, ஒரு வாயாவது, அதற்கு முந்தி அவர் வந்து சாப்பிட்டிருப்பார் என்று ஒரு நம்பிக்கையை அவள் அடிமனதில் வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அதுவும் போய்விட்டது. அவர் பசியோடு போனார். போனவர் போனவர்தான்.

மேனகா கதவில் சாய்ந்து நிலத்தில் இருந்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினாள். படையலைக் கடைசியில் வீட்டுக்காரர் சாப்பிட்டு முடிக்க வேண்டும், அதுவும் வழக்கம்தான். இத்தனை நாளும் அவள் அதைச் செய்யவில்லை. உப்பு நாக்கை எரித்தது. கண்ணீரும் மூக்கும் சேர்ந்து வழிந்தன. துடைக்காமல், ஒரு பருக்கை மிச்சம் விடாமல் வழித்துச் சாப்பிட்டாள். ஆமை அவள் முழங்காலடியில் வந்து நின்று, வெறும் தட்டை நிமிர்ந்து பார்த்தது.

“அவர் ஒருநாளும் வரேல்லை” என்று அதனிடம் சொன்னாள். “நீதான் வந்தனீ.”

ஒரு செவ்வரத்தை இலையை எடுத்து அதன் வாயருகே பிடித்தாள். அது தலையை இழுத்துக்கொண்டது. அவள் கையை எடுக்கவில்லை. கை உளைந்தது, மற்றக் கைக்கு மாற்றினாள். எவ்வளவு நேரம் போனதோ, தலை வெளியே வந்தது, இலையின் ஓரத்தை மணந்தது, பிறகு சின்னதாக ஒரு கடி கடித்தது.

அது மெல்லும் சத்தத்தைத் தவிர அந்த வீட்டில் வேறு சத்தமில்லை. முதுகுக்குப் பின்னால் பூட்டிய அறைக்குள் காது கொடுத்துப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை, ஒருவருமில்லை. அவர் போய் ஐம்பத்தொன்பது நாளில், அந்த வீட்டில் தனியாக இருக்க மேனகாவுக்கு முதல் தடவையாகப் பயமாக இருந்தது.